கழுத்துக்குக் கீழேயும் பாருங்கள்

அன்புள்ள சார்,

பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவள் நான். போன கோடையில் லண்டனில் மகள் வீட்டில் இருந்தபோது பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனோம். எகிப்தியச் சிலைகள் இருக்கும் கூடத்தில் நுழைந்ததும் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. எல்லா ராஜாக்களும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. இடது கால் முன்னே, கை விறைப்பாகப் பக்கவாட்டில், உதட்டில் அதே லேசான சிரிப்பு. முகபாவம் என்பதே இல்லை. அப்புறம் மூன்று சிலைகள் நிற்பதைப் பார்த்தேன். மூன்றாம் செனுஸ்ரெத் என்று போட்டிருந்தது. சார், அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணுக்குக் கீழே பை விழுந்து, கன்னம் ஒட்டி, வாயோரம் இறங்கி... ஜனங்களின் கவலையெல்லாம் தன் தலையில் சுமந்து தூக்கமில்லாமல் கிடந்த ஒரு மனிதனின் முகம். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் உண்மையைச் சொன்ன ஒரே ராஜா இவன்தான் என்று தோன்றியது. மற்றதெல்லாம் ஆடம்பரம், விளம்பரம். நான் நினைப்பது சரியா?

இன்னும் சில கேள்விகள். இரும்பு புழங்காத காலத்தில் கருங்கல்லை எப்படி இவ்வளவு வழவழப்பாகச் செதுக்கினார்கள்? யூடியூபில் வேற்றுக்கிரகவாசிகள், தொலைந்துபோன இயந்திரங்கள் என்றெல்லாம் சொல்கிறார்களே? நம் சோழர் செப்புத் திருமேனிகளில் இருக்கும் நளினம் ஏன் அவர்களுக்கு வரவில்லை? இந்தச் சிலைகளை எகிப்துக்கே திருப்பிக் கொடுக்க வேண்டாமா? வரும் ஜனவரியில் ஒரு குழுவோடு எகிப்து போகிறேன். முழங்கால் வலி உண்டு, எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்க முடியாது. எந்தச் சிலையைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

அன்புடன்,
ம., திருநெல்வேலி

அன்புள்ள டீச்சர்,

பயணக் கேள்விகளுக்கு நான் வழக்கமாகப் பதில் போடுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம், நீங்கள் பெயர் சொன்ன அந்த அரசன் கொஞ்ச காலமாகவே என் மனதில் கிடக்கிறான். 2023இல் சூடானில் போர் தொடங்கியதிலிருந்து கார்ட்டூம் தேசிய அருங்காட்சியகத்தைப் பற்றி வரும் செய்திகளை ஒன்றுவிடாமல் படித்துவருகிறேன். 2025 மார்ச்சில் இராணுவம் அந்தப் பகுதியை மீட்டபோது உள்ளே பெட்டிகள் உடைந்து கிடந்தன, தூக்கிப்போக முடிந்ததெல்லாம் போய்விட்டிருந்தது. தூக்க முடியாத பெரிய கற்கள் மட்டும் எஞ்சின. அந்த அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் ஒரு சிறிய மணற்கல் கோயில் உண்டு. அதில் தெய்வமாக வைத்துக் கும்பிடப்பட்டவன் உங்களை அழவைத்த இதே செனுஸ்ரெத். அதற்கு வருகிறேன்.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடலாம். வேற்றுக்கிரகவாசி. டீச்சர், பிள்ளைகளுக்கு வரலாறு எடுத்த நீங்கள் இதைக் கேட்கலாமா? அஸ்வானில் முடிக்காமல் கைவிட்ட ஒபிலிஸ்க், அதாவது ஒற்றைக்கல் தூண் ஒன்று பாறையோடு ஒட்டியபடியே கிடக்கிறது, 42 மீட்டர் நீளம். அதைச் சுற்றிய பள்ளத்தில் டோலரைட் என்ற கடினமான கல் உருண்டைகளால் இடித்து இடித்து எடுத்த குழிகள் வரிசை வரிசையாக இன்றும் தெரிகின்றன. தீப்ஸில், அதாவது இன்றைய லக்ஸரில், ரேக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில் சாரம் கட்டி ஏறி நின்று அரசனின் பெரிய சிலைகளைத் தேய்க்கும் ஆட்களை வரைந்தே வைத்திருக்கிறார்கள். கீசாவில் மென்கௌரே என்ற அரசனின் கோயிலைத் தோண்டிய அமெரிக்கத் தொல்லியலாளர் ரைஸ்னருக்கு அரைகுறையாக நின்றுபோன குட்டிச் சிலைகள் கிடைத்தன. ஒன்றில் தலையும் தோளும் வெறும் கட்டையாகத் தெரிகின்றன, இன்னொன்றில் கண்ணும் வாயும் பிறக்கின்றன, மற்றொன்றில் மெருகு மட்டும் பாக்கி. இடிக்கும் கல், தேய்க்கும் கல், மணல், செம்பு ரம்பம், தண்ணீர், அப்புறம் ஆள், ஆள், ஆள். கை காய்த்துப்போன அந்த மனிதர்களிடமிருந்து அவர்கள் உழைப்பைப் பிடுங்கி ஒரு பறக்கும் தட்டுக்குக் கொடுப்பது எனக்குத் தாங்காத கோபத்தைத் தருகிறது. அந்தக் காணொளிகளை இனிப் பார்க்காதீர்கள்.

திருப்பிக் கொடுப்பது பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம். சோழர் செப்புத் திருமேனியோடு ஒப்பிடுவதும் வேண்டாம். அது மெழுகில் பிறந்து உலோகத்தில் வார்க்கப்படுவது, வீதியுலா வருவது. இது மலையிலிருந்து வெட்டியெடுத்து, ஒரே இடத்தில் என்றென்றைக்கும் நிற்பதற்காகச் செய்தது. எகிப்தியச் சிற்பிக்கு நளினம் வராமல் போகவில்லை. சக்காராவில் கிடைத்த கா-அப்பெர் என்ற அதிகாரியின் மரச்சிலையைப் பாருங்கள், தொந்தியும் தொடையுமாக இப்போதே நடந்து வந்து உங்கள் பெயரைக் கேட்பான் போல இருக்கும். புரூக்லின் அருங்காட்சியகத்தில் முதலாம் பெப்பி என்ற அரசன் மண்டியிட்டிருக்கும் சிலை ஒன்று, ஒரு சாண்கூட உயரமில்லை. அதில் கைக்கும் விலாவுக்கும் இடையே கல்லை முழுதாகக் குடைந்து எடுத்திருக்கிறார்கள், வெளிச்சம் ஊடுருவும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள்தான் பெரிய அரசச் சிலைகளில் கைக்கும் உடலுக்கும் நடுவே கல்லை விட்டுவைத்தார்கள், முதுகுக்குப் பின்னால் ஒரு தூணையும் சேர்த்தே வைத்தார்கள். உடையக்கூடாது என்பது அவர்களுக்கு அழகைவிடப் பெரிய விஷயம். சிலை உடைந்தால் அதில் குடியிருக்க வேண்டிய உயிருக்கு வீடு போயிற்று என்று நம்பியவர்கள் அவர்கள்.

இனி உங்கள் செனுஸ்ரெத்.

உங்கள் கண்ணீரை நான் குறை சொல்லவில்லை. அந்த மூன்று சிலைகளுக்கு முன்னால் நானும் வெகுநேரம் நின்றிருக்கிறேன். மேலிமை கனத்துத் தொங்குகிறது. கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு பள்ளம் சரிந்து கன்னத்துக்குள் இறங்குகிறது. வாயின் இரு ஓரமும் கீழே இழுபட்டிருக்கின்றன. காது மட்டும் முகத்துக்குப் பொருந்தாத அளவு பெரியது. இந்த அரசன் கி.மு. 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவன். அதற்கு முன் எகிப்தில் அரசமுகம் என்றால் மூப்பில்லாத முகம். அவனுக்குப் பல நூற்றாண்டு கழித்து வந்த இரண்டாம் ராமேசஸ் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டு, மூட்டெல்லாம் தேய்ந்து கிழவனாகச் செத்தான், அவன் மம்மியே சாட்சி. ஆனால் எந்தச் சிலையிலும் அவனுக்கு வாலிபம் குறையவில்லை. நடுவில் இவன் களைத்த முகத்தோடு நிற்கும்போது யாருக்கும் நெஞ்சு இளகும்.

ஆனால் நீங்கள் முகத்தோடு நிறுத்திக்கொண்டீர்கள். அடுத்த முறை லண்டன் போனால் கழுத்துக்குக் கீழே பாருங்கள். மார்பு இறுகிக் கிடக்கிறது, இடுப்பு ஒடுங்கியிருக்கிறது, வயிற்றில் ஒரு மடிப்பு கிடையாது. இருபது வயதுக்காரனின் உடல். கால்கள் உடைந்து போயிருக்கின்றன, இருந்திருந்தால் அவையும் ஓட்டப்பந்தயக்காரனின் கால்களாகத்தான் இருந்திருக்கும். தூக்கமில்லாமல் ஜனங்களுக்காகக் கவலைப்பட்டவனுக்கு முகம் மட்டும் தளர்ந்து உடம்பு தளராமலா இருக்கும்? ஒரே கல், ஒரே பட்டறை, ஒரே கை. கருங்கல்லில் சுருக்கம் தானாக விழாது, டீச்சர். ஒவ்வொரு கோட்டையும் யாரோ மணலும் கல்லும் வைத்து நாள்கணக்கில் தேய்த்திருக்கிறான். விழ வேண்டிய இடம் இது, விழக்கூடாத இடம் இது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மெடமூத் என்ற ஊரில் இவன் கட்டிய கோயிலில் கிடைத்த சிலைகளில் சிலவற்றுக்கு முதிர்ந்த முகம், சிலவற்றுக்கு இளமுகம். வயதாக வயதாகச் செய்துகொண்டவை என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள். நான் ஏற்கவில்லை. இரண்டு முகமும் அவனுக்குத் தேவைப்பட்டன, அவ்வளவுதான். அவன் காலத்து அதிகாரிகளையும் பாருங்கள். பின்னால் வந்த எழுத்தர்கள், மேற்பார்வையாளர்கள் எல்லாரும் தங்கள் சிலைகளிலும் அதே கண்பையையும் அதே இறங்கிய வாயையும் வைத்துக்கொண்டார்கள். ஒரு தலைமுறை முழுக்க அத்தனை பேருக்குமா தூக்கம் கெட்டுப்போயிற்று? அரசன் போட்ட முகத்தை அவர்களும் போட்டுக்கொண்டார்கள்.

நீங்கள் பார்த்த மூன்றும் தெய்ர் எல்-பஹ்ரியில் மெந்துஹோதெப் என்ற முன்னோனின் கோயிலில் நின்றவை. கைகளை விரித்து உடுப்பின் முன்பக்கத்தில் பணிவாக வைத்திருக்கிறான், தெய்வத்தின் முன் நிற்கும் கை அது. சிதறிக்கிடந்த நாட்டை ஒன்றாக்கிய மெந்துஹோதெப்பின் வீட்டில் போய், "நானும் உன் வரிசைதான், இந்தச் சுமை இப்போது என் தோளில்" என்று சொல்லி நிற்கிறான். அந்தச் சுமைதான் அந்த முகத்தில் இருப்பது. சுமை உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் என்ன சுமை என்பதை அவனே கல்லில் எழுதிவைத்திருக்கிறான், அதைப் படிக்காமல் அழுதுவிட்டு வரக்கூடாது.

அவன் கவலை தெற்கே இருந்தது. நூபியா, எகிப்தின் தென்கோடியும் இன்றைய வட சூடானும் சேர்ந்த நிலம். தங்கம் அங்கே, வணிகப்பாதை அங்கே, தெற்கில் கெர்மாவில் ஒரு பலமான அரசும் அங்கே. எட்டாம் ஆட்சியாண்டில் அஸ்வானுக்குப் பக்கத்தில் நைலின் பாறைகளுக்குள் படைக்கப்பல் போக ஒரு கால்வாய் வெட்டினான். 150 முழம் நீளம், 20 முழம் அகலம், 15 முழம் ஆழம் என்று செஹேல் தீவின் பாறையில் அளவோடு வெட்டிவைத்திருக்கிறார்கள், எகிப்திய அரசமுழம் என்பது அரை மீட்டருக்குச் சற்று மேல். அதே ஆண்டு செம்னாவில் எல்லைக்கல் நட்டான். நைல் பாறைகளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு பாயும் இடம் செம்னா. இரண்டு கரையிலும் கோட்டை. வியாபாரத்துக்கோ தூதுக்கோ வருகிறவனைத் தவிர எந்த நூபியனும் தரைவழியாகவோ படகிலோ இதைத் தாண்டி வடக்கே வரக்கூடாது என்று அந்தக் கல் சொல்கிறது.

பதினாறாம் ஆண்டில் இன்னொரு கல். இப்போது பெர்லினில் இருக்கிறது. இதை நான் எத்தனை முறை படித்தாலும் ஆறுவதில்லை. நூபியர்கள் மதிக்கத்தக்க மனிதர்கள் அல்லர், கோழைகள், இழிந்தவர்கள் என்கிறான். அவர்களின் பெண்களைப் பிடித்தேன், அவர்களைச் சேர்ந்தவர்களைக் கொண்டுபோனேன், அவர்களின் கிணறுகளுக்குப் போனேன், மாடுகளைக் கொன்றேன், தானியத்தை அறுத்தேன், தீ வைத்தேன். என் தகப்பன்மேல் ஆணை, இது பொய்யில்லை என்கிறான். இந்த எல்லையைக் காக்கிறவன்தான் என் மகன், கைவிடுகிறவன் எனக்குப் பிறந்தவனே இல்லை என்கிறான். கடைசியில் வருகிறது நம் விஷயம். இந்த எல்லையில் என் உருவச்சிலை ஒன்றைச் செய்துவைத்திருக்கிறேன், நீங்கள் இதில் உறுதியாக நிற்க வேண்டும் என்பதற்காக, இதற்காக நீங்கள் சண்டையிட வேண்டும் என்பதற்காக.

இந்தச் சிலையை எதற்குச் செய்தேன் என்று ஓர் அரசன் தன் வாயாலேயே இவ்வளவு பச்சையாகச் சொல்லி எகிப்தில் வேறெங்கும் நான் படித்ததில்லை. கோட்டைக்குள் காவலிருக்கும் வீரன் காலையில் எழுந்தால் அந்த உருவம் நிற்கும். வீட்டை விட்டு எத்தனையோ நாள் பயணத்தொலைவில் வெயிலில் கிடப்பவன், ஓடிப்போக நினைப்பவன், எதிரியோடு சமரசம் செய்யத் தோன்றுபவன். அவனைப் பார்த்து ஒரு வாலிபச் சிரிப்பு சிரித்தால் என்ன பயன்? தூங்காத முகம் வேண்டும். எல்லாவற்றையும் கேட்கும் காது வேண்டும். நான் தூங்கவில்லை, நீ எப்படித் தூங்குவாய் என்று கேட்கும் முகம். அதோடு, வேண்டுமானால் நானே இறங்கி அடிப்பேன் என்னும் இளம் உடல். செம்னாவில் நின்ற அந்தச் சிலையில் என்ன செய்திருந்தார்களோ அதையே மற்றச் சிலைகளிலும் செய்திருக்கிறார்கள் என்பது என் வாதம். பிரிட்டிஷ் மியூசியத்தில் கண் கலங்கிய நீங்கள் அந்த வீரனின் இடத்தில் நின்றிருந்தீர்கள். சிலை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. நீங்கள்தான் அது யாருக்கு எதிராக வைக்கப்பட்டது என்று கேட்காமல் வந்துவிட்டீர்கள்.

எனக்கு அதைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு காசாளர்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கார்ட்டூமில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் இருந்தவர் சூடானின் வடக்கு எல்லையிலுள்ள வாடி ஹல்ஃபாவைச் சேர்ந்த நூபியர். கறாரான மனிதர், ஒரு பவுண்டு இடித்தாலும் வீட்டுக்குப் போகமாட்டார். என்னை "யா ஹிந்தி", இந்தியனே, என்றுதான் கூப்பிடுவார், நான் அவரை "உஸ்தாஸ்", ஆசானே, என்பேன். ஒரு வெள்ளிக்கிழமை தன் இரண்டு பையன்களையும் என்னையும் தேசிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனார். தோட்டத்தில் நைல் மாதிரி ஒரு நீர்க்கால் வெட்டி, அதன் கரையில் கோயில்களை நிறுத்தியிருந்தார்கள். அஸ்வான் உயரணை கட்டியபோது மூழ்கவிருந்த கோயில்களைக் கல் கல்லாகக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி அடுக்கியது. புஹென், கும்மா, செம்னா. செம்னாக் கோயிலைக் கட்டியவன் மூன்றாம் துத்மோஸ், செனுஸ்ரெத்துக்கு நானூறு ஆண்டுகள் பிந்தியவன். எல்லையைப் போட்டவனையே அந்த எல்லையின் சாமியாக்கிவிட்டான். சுவரில் செனுஸ்ரெத் தெய்வமாக அமர்ந்து படையல் வாங்குகிறான்.

உஸ்தாஸ் கோயிலுக்குள் வரவில்லை. வாசல் நிழலில் நின்றுகொண்டு ஜலாபியா என்ற நீள அங்கியின் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அந்தப் பதினாறாம் ஆண்டுக் கல்வெட்டின் அரபு வடிவம், கையால் எழுதியது. பையன்களுக்கு வாய்விட்டுப் படித்தார், பள்ளியில் பாடம் ஒப்பிக்கும் குரலில், கோபம் எதுவும் இல்லாமல். சின்னவன் மட்டும் இடையில் புகுந்து, "கிணற்றுக்குப் போய் என்ன செய்தான்?" என்று கேட்டான். "எங்களுடையதாக இருந்தது, அவனுடையதாக ஆக்கினான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரியைப் படித்தார்.

அப்புறம் நிழலில் உட்கார்ந்து 1964ஐப் பற்றிச் சொன்னார். அவருக்கு அப்போது சிறு வயது. அணையின் தண்ணீர் ஏறுவதற்கு முன் வாடி ஹல்ஃபா ஜனங்களை ரயிலில் ஏற்றிக் கிழக்கே எங்கோ கஷ்ம் எல்-கிர்பாவில் கொண்டுபோய் இறக்கினார்கள். ஐம்பதாயிரம் பேர். பேரீச்சை மரங்களை விட்டுவிட்டு, நதியை விட்டுவிட்டு. கிளம்பும் நாளில் அவருடைய பாட்டி தாத்தாவின் கல்லறைக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாளாம், இனி யாரும் ஊற்றப்போவதில்லை என்று. அந்தக் கல்லறை ஏரிக்கடியில் போயிற்று. "யோசித்துப் பார் ஹிந்தி" என்றார், "இந்தக் கோயிலுக்குக் கார்ட்டூம் கிடைத்தது. எங்களுக்குக் கிர்பா கிடைத்தது." கற்களைக் காப்பாற்ற உலகமே பணம் திரட்டிய நாட்கள் அவை. கோயிலைக் காப்பாற்றியது தவறு என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தோட்டத்தில் நான் கேட்ட கணக்கை அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்திலும் யாரும் எனக்குக் கூட்டிச் சொல்லவில்லை.

வெளியே வரும்போது அவர் தஹார்காவின் முன்னால் நின்றார். இங்கே அவருடைய முதுகு நிமிர்ந்தது. தஹார்கா கி.மு. 690 முதல் 664 வரை எகிப்தையும் நூபியாவையும் சேர்த்து ஆண்ட குஷ் நாட்டு அரசன், நூபியன். ஜெபல் பர்கல் மலையடியில் உடைத்துப் புதைத்திருந்த கருங்கல் சிலையை 1916இல் ரைஸ்னர் எடுத்தார், ஆள் உயரத்தைப்போல இருமடங்கு. அருகில் போய்ப் பார்த்தால் உடல் முழுக்க மெருகு, ஆனால் காப்பு, செருப்பு, இடைத்துணி இருக்கும் இடங்களில் மட்டும் கல்லைச் சொரசொரப்பாக விட்டிருக்கிறார்கள். அங்கே பொன்தகடு ஒட்டியிருந்தது. பையன்கள் மாறி மாறி அந்தச் சொரசொரப்பில் விரலை வைத்துப் பார்த்தார்கள், காவலாளி கண்டுகொள்ளவில்லை.

எல்லாச் சிலையும் ஒன்றுபோல இருக்கின்றன என்று எழுதினீர்கள் அல்லவா? தஹார்காவும் அப்படித்தான் நிற்கிறான். இடது கால் முன்னே, கை பக்கவாட்டில், முட்டி இறுக்கி, அகன்ற தோள். கீசாவில் பிரமிடு கட்டிய காஃப்ரேக்கு ஏறக்குறைய 1800 ஆண்டுகள் கழித்து, வேறு மண்ணில் பிறந்த ஒருவன் அதே நிற்றலைக் கேட்டு வாங்கியிருக்கிறான். சிற்பிக்கு வேறு தெரியாததால் வந்ததல்ல அது. நான் இந்த நாற்காலிக்கு உரியவன் என்று சொல்ல அந்த நிற்றலைத் தவிர வேறு வழி கிடையாது. ஆனால் நெற்றியைப் பாருங்கள். எகிப்திய அரசனுக்கு நெற்றியில் ஒரு நாகம், குஷ் அரசனுக்கு இரண்டு. பின்னால் இரண்டாம் சாம்திக் என்ற எகிப்திய அரசன் கி.மு. 593இல் நூபியாமேல் படையெடுத்தபோது எகிப்தில் இருந்த குஷ் சிலைகளில் அந்த இரண்டாவது நாகத்தைத் தேடித் தேடிச் செதுக்கியெறியச் சொன்னான். விறைப்பாக, ஒன்றுபோல, முகபாவமில்லாமல் நிற்பதாக நீங்கள் தள்ளிவிட்டு நடந்த சிலைகளில் விரல்கடை அளவுள்ள ஒரு நாகத்துக்காக அவ்வளவு வன்மம் இருந்தது. முகத்தில் துக்கம் தேடினால் இது கண்ணில் படாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், என் வாதத்துக்கு அது உதவாவிட்டாலும். இந்தத் தஹார்கா செம்னாவில் செங்கல்லால் ஒரு கோயில் எடுத்து, செனுஸ்ரெத்துக்குக் கருங்கல் பலிபீடம் ஒன்றைப் படைத்திருக்கிறான். நூபியாவின் தானியத்துக்குத் தீ வைத்தவனுக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து நூபிய அரசனே படையல் வைக்கிறான். உஸ்தாஸிடம் இதைச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை, நான் படித்ததே ஊர் திரும்பிய பிறகு. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தஹார்காவை விட்டுக்கொடுத்திருக்க மாட்டார். எனக்குத் தோன்றுவது, கிரீடம் ஏறியவனுக்குக் கிணற்றுக்காரனைவிட இன்னொரு கிரீடக்காரன்தான் நெருங்கிய உறவு. கிணற்றுக்காரன் என்ன நினைத்தான் என்பதற்கு மட்டும் கருங்கல் யாரும் ஒதுக்கவில்லை.

போர் தொடங்கியபின் உஸ்தாஸின் எண்ணுக்கு எத்தனையோ செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. பெரிய பையன் மட்டும் போன வருஷம் போர்ட் சூடானிலிருந்து குரல் பதிவு அனுப்பினான். அப்பா தம்பியோடு ஹல்ஃபா பக்கம் போய்விட்டார், நலம் என்றான். தஹார்கா சிலை இன்னும் அங்கேயே நிற்கிறதாம், கனம் அதிகம் என்பதால் யாராலும் அசைக்க முடியவில்லையாம்.

உங்கள் ஜனவரிப் பயணத்துக்கு வருகிறேன். கெய்ரோவில் காஃப்ரேயின் அமர்ந்த சிலையைத் தவறவிடாதீர்கள். 1860இல் கீசாப் பள்ளத்தாக்குக் கோயிலின் குழியொன்றிலிருந்து பிரெஞ்சுத் தொல்லியலாளர் மரியெத் எடுத்தது, 168 செ.மீ. உயரம். அந்தக் கல்லும் நூபியாவின் வழியில்தான் வந்தது, அபு சிம்பலுக்கு வடமேற்கே பாலைவனத்தில் வெட்டியது, வெயில் பட்டால் லேசாக நீலம் காட்டும் கல். எதிரே நின்று பார்த்தால் சாந்தமான ஓர் அரசன் மட்டும் தெரிவான். பக்கவாட்டுக்கு நடந்து போங்கள். பிடரிக்குப் பின்னால் பருந்து ஒன்று சிறகால் அவன் தலையை அணைத்தபடி உட்கார்ந்திருக்கும். பல சிலைகள் இப்போது கீசாவின் புதிய பெரிய அருங்காட்சியகத்துக்கு மாறியிருக்கின்றன, அதனால் எது எங்கே என்று போவதற்கு முன்தினம் வழிகாட்டியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். புதிய அருங்காட்சியகத்தின் முகப்பில் ராமேசஸின் 11 மீட்டர் சிலை நிற்கிறது, அதைப் பார்க்க மெனக்கெட வேண்டாம், உள்ளே நுழைந்தாலே தெரியும்.

உங்கள் குழு அஸ்வான் போனால் மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போகும் நேரத்தில் நீங்கள் நூபியா அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள்.  அங்கே ஒரு நூபியர் காவலுக்கு இருப்பார். செனுஸ்ரெத்தைப் பற்றி அவரிடம் கேளுங்கள், என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்